காலியாக வந்த அட்டை

வெர்னா ஸ்டுபாக்கின் பெயரைக் கெடுக்க இமோஜீன் கால்டருக்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, தீயணைப்பு நிலையக் கூடத்தில் மீன் வறுத்துப் பரிமாறும் வரிசையில் கரண்டியும் கையுமாக நின்றுகொண்டு, ஊரில் பாதிப் பேர் காதுபட அவள் சொன்னாள்: "கார்டு காலியாப் போகல. காலியாத்தான் வந்துது."

சொல்லிவிட்டு அடுத்த தட்டில் உருளைக்கிழங்கை வைத்தாள். வெர்னா அதே வரிசையில் ஆறு பேர் தள்ளி நின்றாள். தட்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்து கால் மணி நேரம் அழுதாள். அன்றைக்கு அழுததோடு சரி. அதற்குப் பிறகு அழவில்லை, காத்திருந்தாள்.

எங்கள் ஊரில் பணத்தைப் பணமாகக் கொடுக்க மாட்டோம். ஐந்நூறு டாலரை நோட்டாக நீட்டினால் வாங்குகிறவர் கூசிப்போவார், பிச்சை போட்ட மாதிரி ஆகிவிடும். அதையே ஒரு பிளாஸ்டிக் அட்டையில் ஏற்றி, பூப்போட்ட உறையில் வைத்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது அன்பளிப்பு. இந்தக் கூச்சத்தை நம்பித்தான் எங்கோ ஒரு கும்பல் வயிறு வளர்க்கிறது என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

பிப்ரவரியில் பிலார்ஸ்கி குடும்பத்தின் வீடு எரிந்தது. மூன்று குழந்தைகள், போட்டிருந்த உடுப்போடு வெளியே வந்தார்கள். ஹோல்சாப்பிள் சூப்பர் மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷமாகக் கல்லாவில் நிற்கும் வெர்னா, தன் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய காபி டப்பாவை வைத்தாள். ஒரே வாரத்தில் டப்பா நிறைந்தது. சேர்ந்த பணத்தைக் தன் கடையிலேயே விற்கும் ஒரு துணிக்கடையின் பரிசு அட்டையாக மாற்றி, உறையில் வைத்து, தானே கொண்டுபோய் ட்ரேசா பிலார்ஸ்கியின் கையில் கொடுத்தாள்.

ட்ரேசா அந்தத் துணிக்கடைக்குப் போய் மூன்று பிள்ளைகளுக்கும் குளிர் கோட்டு, பூட்ஸ், உள்ளாடை எல்லாம் வண்டி நிறையச் சேர்த்து வந்து நின்றாள். விற்பனைப் பெண் அட்டையை மூன்று தடவை தேய்த்துப் பார்த்தாள். அட்டையில் ஒரு சென்ட்கூட இல்லை. பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட, ட்ரேசா கோட்டுகளை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெர்னா பணம் ஏற்றியதற்கு ரசீது இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? கல்லாவில் நிற்பவள்தானே, அட்டையின் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு பிறகு உருவியிருப்பாள் என்றாள் இமோஜீன். தீயணைப்பு நிலைய மகளிர் சங்கத்தின் தலைவி அவள். பதினான்கு வருஷமாக அந்தப் பதவியை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். டப்பாவைத் தன்னைக் கேட்காமல் வெர்னா வைத்ததே அவளுக்குப் பொறுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

வெர்னாவின் கணவர் க்ளெம் தன்னுடைய மீன்பிடிப் படகை விற்று ட்ரேசாவுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்தார்.

"படகு போனாப் போகுது விடு. இத்தனை வருஷத்துல நான் பிடிச்ச மீனுக்கு அந்தப் படகு அதிகம்," என்றார்.

நல்ல மனசோடு செய்தது, வினையாக முடிந்தது. எடுக்காதவள் ஏன் திருப்பிக் கொடுக்கிறாள் என்று ஊர் பேசியது. அந்தக் கேள்வியை முதலில் கிளப்பியதும் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு வெர்னாவின் கல்லாவில் கூட்டம் குறைந்தது. நாற்பது சாமான் வைத்திருப்பவர்கள்கூடத் தாங்களே ஸ்கேன் செய்துகொள்ளும் இயந்திரத்தின் முன்னால் போய் நின்று, வாழைப்பழத்தின் எண் தெரியாமல் முழித்தார்களே தவிர அவளிடம் வரவில்லை. மே மாதம் க்ளெமுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டால் மறுநாளே வாசலில் கண்ணாடிப் பாத்திரங்கள் வந்து இறங்கும். அடியில் வெள்ளை டேப் ஒட்டி, அதில் கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கும். சாப்பிட்டு, கழுவி, திருப்பிக் கொடுக்கும்போது அதில் ஏதாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். நாலு பிஸ்கட்டாவது, தோட்டத்துத் தக்காளியாவது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது முகத்தில் அறைவதற்குச் சமம். க்ளெம் ஐந்து வாரம் படுக்கையில் இருந்தார். ஒரு பாத்திரம்கூட வரவில்லை.

"டயட்டுக்கு நல்லதுதான்," என்றார் க்ளெம். வெர்னா சிரிக்கவில்லை.

யார் செய்தது என்று அவளுக்கு அதற்கு முன்பே, ஏப்ரலில், தெரிந்துவிட்டது.

பரிசு அட்டைகளைக் கடைக்காரர்கள் அடுக்குவதில்லை. வெளியிலிருந்து ஒரு கம்பெனியின் ஆள் வந்து அடுக்கிவிட்டுப் போவார். ஏப்ரலில் வந்த பெண்மணியிடம் வெர்னா பேச்சுவாக்கில், "பிப்ரவரியில வந்தாரே உங்க ஆளு, நீல ஜாக்கெட்டு, அவரு எங்கே?" என்று கேட்டாள்.

"எந்த ஆளு? ஒம்பது வருஷமா இந்த ரூட்டுல நான் மட்டும்தானே வரேன்," என்றாள் அந்தப் பெண்.

வெர்னா அவனை மனசுக்குள் மறுபடி நிறுத்திப் பார்த்தாள். நீல ஜாக்கெட், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கையில் ஒரு பெட்டி, குழந்தை மாதிரிச் சிரிப்பு. கழுத்தில் ஒரு பட்டை தொங்கினால் எங்கள் ஊரில் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவன் அன்று வந்தபோது குளிராக இருந்ததால் வெர்னா அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அவன் அடுக்கும்போது பெட்டியைக்கூடப் பிடித்துக்கொண்டாள். வீடு எரிந்த குடும்பத்துக்கு ஒரு அட்டை வேண்டும் என்று அவள் சொன்னதும் அவன் முகம் வாடியது.

"மூணு பிள்ளைங்களா மேடம்? அடப் பாவமே," என்றான். பெட்டியிலிருந்து ஒன்றை அவனே எடுத்து அவள் கையில் வைத்தான். "இந்தாங்க, இது புத்தம் புதுசு."

அந்த இடம்தான் அவளைத் தின்றது. பணம் போனதுகூட இல்லை, இமோஜீன்கூட இல்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுவிட்டு, அவனே பொறுக்கி எடுத்துக் கொடுத்தான்.

ட்ரேசா திருப்பிக் கொடுத்திருந்த வெற்று அட்டையை அதன் கடை உறையோடு வெர்னா சமையலறை மேசையில் வைத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆராய்ந்தாள். அட்டை செருகி வரும் அந்த உறை உண்மையானதாக இருந்தால் பசை புள்ளி புள்ளியாக இருக்கும். இதில் ஒரே கோடாக இழுத்திருந்தது. ரகசிய எண்ணை மறைக்கும் வெள்ளிப் பூச்சு வழவழவென்று அட்டையோடு சேர்ந்திருக்க வேண்டும். இதில் அது ஒரு ஸ்டிக்கர், கட்டைவிரலை ஓட்டினால் விளிம்பு தட்டுப்பட்டது. பிரித்து, எண்ணை எடுத்துக்கொண்டு, மறுபடி ஒட்டி, அடுக்கில் வைத்துவிடுகிறார்கள். யாராவது வாங்கிப் பணம் ஏற்றின உடனே எங்கிருந்தோ ஒரு கணினி அதை உறிஞ்சிவிடுகிறது. அன்றைக்கு முழுக்க அவள் கட்டைவிரலை அந்த விளிம்பின்மேல் ஓட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு பழகினாள்.

மறுநாள் போலீஸ் அதிகாரி டெர்ரில் வைசிடம் போனாள். டெர்ரில் சின்ன வயதில் அவளிடம் ஞாயிறு பள்ளியில் படித்தவன். இன்னமும் அவள் முன்னால் தொப்பியைக் கழற்றிவிடுவான்.

"நான் நம்பறேன் மிசஸ் ஸ்டுபாக். ஆனா அவன் வந்தாலும் நான் என்னத்தைப் பண்ண? அடுக்குல இருக்கிற கார்டுக்கு மதிப்பே கிடையாது. பணம் ஏத்தற வரைக்கும் அது வெறும் பிளாஸ்டிக். இருநூறு கார்டோட பிடிச்சாலும் பிளாஸ்டிக் வெச்சிருந்தான்னுதான் எழுதணும். அபராதம் கட்டிட்டு எனக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடுவான்."

"அப்ப அந்தப் பிள்ளைங்களோட கோட்டும் பிளாஸ்டிக்கா?"

டெர்ரில் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் மாதம் டெர்ரில் தானாகவே அவள் கல்லாவுக்கு வந்தான். ஒரு சூயிங் கம்மும் பதினோரு பக்கக் காகிதமும் கையில் இருந்தன. மாநிலச் சட்டமன்றத்தில் புதுச் சட்டம் நிறைவேறி, ஆளுநர் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. வெர்னா அதை ஓய்வறையில் உட்கார்ந்து பைபிள் படிப்பதுபோல் படித்தாள். பிரித்து ஒட்டிய அட்டையை ஏமாற்றும் எண்ணத்தோடு வைத்திருப்பதே குற்றம். அதில் எவ்வளவு பணம் ஏற்ற முடியுமோ அவ்வளவும் அதன் மதிப்பு. பெரிய தொகைக்கான அட்டைகளை ஆள் நிற்கும் கல்லாவில் மட்டுமே விற்க வேண்டும். அடுக்குக்குப் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். எல்லாம் சரி, கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: இந்தச் சட்டம் செப்டம்பர் முதல் தேதி அமலுக்கு வரும்.

"அதுக்கு முன்னாடி செஞ்சதெல்லாம்?" என்று கேட்டாள்.

"சட்டம் முன்னாடிதான் பார்க்கும், பின்னாடி திரும்பிப் பார்க்காது," என்றான் டெர்ரில்.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நீல ஜாக்கெட் கடைக்குள் வந்தது.

வெர்னா ஒரு கிழவருக்குத் தர்பூசணி எடை போட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு அவளை நினைவிருந்தது, ஆனால் காபிக்காக மட்டும்.

"மேடம்! இந்த வட்டாரத்துலேயே நல்ல காபி உங்க கையாலதான்!"

அவன் கழுத்தை நெரிக்க இரண்டு கையும் துறுதுறுத்தன. அவள் அந்தக் கைகளால் காபி போட்டாள். இரண்டு சர்க்கரை. அவனுக்கு எத்தனை சர்க்கரை என்பதைக்கூட அவள் மறந்திருக்கவில்லை. அன்றைக்குப் பிடித்துக் கொடுத்தால் பிளாஸ்டிக். இன்னும் நாலு நாள் போனால் சிறை.

"கொஞ்சமாத்தான் கொண்டாந்திருக்கீங்க போல?" என்றாள், பெட்டியை எட்டிப் பார்த்து.

"ஏன் மேடம், தேவைப்படுமா?"

"நீண்ட வாரக்கடைசி வருதில்ல. திங்கக்கிழமை லீவு முடியறதுக்குள்ள அடுக்கு காலியாயிடும். மேனேஜர் வேற புதன்கிழமை வரைக்கும் ஏரிக்குப் போறாரு. செவ்வாய்க்கிழமை நிறையக் கொண்டாந்தீங்கன்னா அடுக்கு முழுக்க உங்களுக்குத்தான்."

"நீங்க ஒரு தேவதை மேடம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றாள் வெர்னா.

அவன் கார் கிளம்பிய நிமிஷத்தில் அவள் கல்லாவை மூடிவிட்டு அடுக்குக்குப் போனாள். ஒவ்வொரு அட்டையாகக் கட்டைவிரலை ஓட்டி, அவன் வைத்த முப்பத்தெட்டையும் பொறுக்கி எடுத்து, ஒரு முட்டைக்கோஸ் பெட்டியில் போட்டு டெர்ரிலிடம் கொடுத்தாள்.

டெர்ரில் மாநிலத் துப்பறியும் பிரிவிலிருந்து ஒருவரை வரவழைத்தான். திட்டம் சாதாரணமானது. செவ்வாயன்று அவன் வந்து தன் கையால் அட்டைகளை அடுக்க வேண்டும், கேமராவில் அது பதிய வேண்டும், காருக்குத் திரும்பும்போது பெட்டியோடு பிடிக்க வேண்டும். வெர்னா தன் கல்லாவின் தலைக்கு மேலிருக்கும் விளக்கைச் சிமிட்டினால் அதுதான் சைகை.

"நடுவுல யாராச்சும் அவன் வெச்ச கார்டை எடுத்துட்டு வந்தா?" என்று டெர்ரில் கேட்டான்.

"கல்லாவுக்கு அடியில நல்ல கார்டா ஒரு கட்டு வெச்சிருப்பேன். கை மாத்தினது அவங்களுக்கே தெரியாது."

"யாரும் நஷ்டப்படக் கூடாது, மிசஸ் ஸ்டுபாக்."

"எனக்குச் சொல்றியா?" என்றாள் வெர்னா.

செவ்வாய்க்கிழமை அவன் இரண்டு பெட்டிகளோடு வந்தான். ஒன்றைக் காரிலேயே வைத்துவிட்டு மற்றதைப் பிரித்து அடுக்கத் தொடங்கினான். மெல்லிய குரலில் பாட்டுவேறு. முந்தின நாள் அமலுக்கு வந்த சட்டத்தின்படி வைத்த எச்சரிக்கைப் பலகை அவன் தலைக்கு நேர் மேலே தொங்கியது. "பிரித்த உறையா என்று பாருங்கள்" என்று சிவப்பில் எழுதியிருந்தது. அது இடித்ததால் அவன் அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

முதலில் ஒரு லாரி ஓட்டுநர் மகளுக்கென்று ஒரு அட்டை எடுத்து வந்தார். வெர்னாவின் கட்டைவிரலுக்கு விளிம்பு தட்டியது. கை கல்லாவுக்கு அடியில் போய் வந்தது, நல்ல அட்டை வெளியே வந்தது, அவர் கவனிக்கவேயில்லை. அடுத்து ஒரு கர்ப்பிணி. அவளுக்கும் அப்படியே.

மூன்றாவதாக வந்தது இமோஜீன் கால்டர்.

அந்த நேரத்தில் ஆள் இருந்த கல்லா வெர்னாவுடையது ஒன்றுதான். இமோஜீன் முதலில் இயந்திரத்தைத்தான் முயன்று பார்த்தாள். இவ்வளவு பெரிய தொகைக்கு அங்கே விற்க முடியாது என்று அது சொல்லிவிட்டது. ஆறு மாதமாக இந்தப் பக்கம் திரும்பாதவள், சட்டம் பிடரியைப் பிடித்துத் தள்ளியதுபோல வந்து நின்றாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர், எல்லோரும் தெரிந்த முகங்கள்.

"ஐந்நூறு போடு," என்று வேட்டைச் சாமான் கடையின் அட்டை ஒன்றை நீட்டினாள். "தீயணைப்புத் தலைவர் ஹாபர்ட் ஓய்வு பெறாரில்ல. மகளிர் சங்கம் சார்பா ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுக்கறோம். மான் சீசனுக்கு."

சட்டப்படி வெர்னா கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. கேட்டாள். "யாராச்சும் போன்ல மிரட்டி இதை வாங்கச் சொன்னாங்களா?"

"என்னைப் பார்த்தா ஏமாளி மாதிரி இருக்கா?"

"எல்லார்கிட்டயும் கேக்கணும். சட்டம்."

வெர்னா அட்டையை வாங்கினாள். கட்டைவிரல் முதுகில் ஓடியது. விளிம்பு இருந்தது. பழக்கத்தில் இடது கை கல்லாவுக்கு அடியில் இறங்கி நல்ல அட்டை ஒன்றைப் பிடித்தும்விட்டது.

அப்போது இமோஜீன் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள்: "இந்தத் தடவை நம்பரை எழுதி வெச்சுக்காதே, என்ன?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெர்னாவின் இடது கை வெறுங்கையாக மேலே வந்தது. அவள் இமோஜீனின் அட்டையையே ஸ்கேன் செய்து, ஐந்நூறு ஏற்றி, ரசீதோடு சேர்த்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

"ரசீதைப் பத்திரமா வெச்சுக்கோ இமோஜீன்," என்றாள். "உதவும்."

பத்து நிமிஷம் கழித்து அவன் அடுக்கி முடித்து, காபிக் கோப்பையைக் கல்லாவில் வைத்துவிட்டு, "வரேன் மேடம்," என்று கிளம்பினான். வெர்னா விளக்கைச் சிமிட்டினாள். கார் கதவைத் திறக்கும்போது டெர்ரிலும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. காரின் பின்பக்கத்தில் இருந்த பெட்டியில் இருநூற்றுப் பதினோரு அட்டைகள், ஒவ்வொன்றும் ஐந்நூறு வரை ஏற்றக்கூடியது. அவன் முதலில் சிரித்துப் பேசினான். ஒரு வாரத்துக்கு முன்பாக இருந்தால் அந்தச் சிரிப்பு சரியானதுதான். டெர்ரில் தேதியைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. திரும்பிக் கடையைப் பார்த்தான். வெர்னா அவன் குடித்த கோப்பையைத் தூக்கிக் காட்டினாள்.

அடுக்கில் அவன் வைத்ததையெல்லாம் டெர்ரில் எண்ணிக் கட்டினான். "யாரும் எடுத்துட்டுப் போகலையே?"

"ரெண்டு பேருக்கு மாத்திக் கொடுத்தேன்," என்றாள் வெர்னா. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"ரெண்டு வாரத்துக்கு மூச்சு விடாதீங்க. இவனுக்கு மேல இருக்கிறவங்களைப் பிடிக்கணும். ஊருக்குத் தெரிஞ்சா அவங்க கலைஞ்சிடுவாங்க."

"நான் வாயே திறக்க மாட்டேன்," என்றாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் எந்த வாக்கையும் கொடுத்ததில்லை.

சனிக்கிழமை மதியம் தலைவர் ஹாபர்ட் தன் ஆட்கள் பன்னிரண்டு பேரோடு வேட்டைச் சாமான் கடைக்குப் போனார். அரை மணி நேரம் தேர்ந்தெடுத்து, தோளில் வைத்துப் பார்த்து, எல்லோரும் கை தட்டி, துப்பாக்கியைப் பெட்டியில் போட்டு, அட்டையை நீட்டினார். கடைக்காரர் மூன்று தடவை தேய்த்தார். ஹாபர்ட்டின் காது சிவந்துபோயிற்றாம். அவருக்காக வெர்னாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், நல்ல மனுஷர். ஆனால் அந்த வருத்தம் ஞாயிறு சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை அவள் கல்லாவில் கூட்டம். விஷயம் கேட்க ஆசைப்பட்டால் ஜனங்களுக்கு இயந்திரம் மறந்துவிடும்.

"இமோஜீன் கொடுத்த கார்டுல ஒண்ணுமே இல்லையாமே வெர்னா? நீதானே பணம் ஏத்தின?"

"ஏத்தினேன். ரசீது கொடுத்தேன். அதுக்கப்புறம் நாலு நாள் அவ கைப்பையிலதானே இருந்துது." வெர்னா தக்காளியை எடை போட்டாள். "கார்டு காலியாப் போச்சா, காலியாவே வந்துதா, யாரு கண்டா?"

அந்த ஒரு வாக்கியம் ஊரைச் சுற்றி வர ஒரு நாள் ஆனது. வம்பு பேசும் தொழிலில் அனுபவம் உள்ள ஊர். புதன்கிழமைக்குள் சங்கத்தின் பழைய கணக்கெல்லாம் சிலருக்கு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை இமோஜீன் தன் சேமிப்பிலிருந்து ஹாபர்ட்டுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தாள். எடுக்காதவள் ஏன் கொடுக்கிறாள் என்று ஊர் கேட்டது. அடுத்த கூட்டத்தில் பதினான்கு வருஷத் தலைவியிடம் சங்கத்துச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வெர்னா ஒவ்வொரு செய்தியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, க்ளெமுக்கு ஒரு தடவையும் தனக்கு இரண்டு தடவையும் சொல்லி அனுபவித்தாள்.

"போதும்டி," என்றார் க்ளெம் ஒரு நாள்.

"எனக்கு ஆறு மாசம். அவளுக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட ஆகல."

பதினைந்தாம் நாள் கும்பல் பிடிபட்டு, செய்தித்தாளில் வந்துவிட்டது. தீயணைப்பு நிலையக் கூடத்தில் டெர்ரில் எழுந்து நின்று, பிப்ரவரி அட்டையும் அவன் கைவேலைதான், மிசஸ் ஸ்டுபாக் இல்லாவிட்டால் அவன் சிக்கியிருக்க மாட்டான் என்று சொன்னான். கை தட்டினார்கள். தட்டியவர்களின் முகத்தை வெர்னா ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் டெர்ரில் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"கேமராவுல மூணு பேர் வந்து வாங்கியிருக்காங்க."

"அப்படியா? மறந்திருப்பேன்."

"இருபத்திரண்டு வருஷத்துல நீங்க ஒரு கூப்பனை மறந்து நான் பார்த்ததில்ல," என்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் முன்னால் அவன் தொப்பியைக் கழற்றியதில்லை.

டிசம்பரில் தீர்ப்பு. பாதிக்கப்பட்டவர் நீதிபதி முன்னால் எழுந்து பேசலாம் என்பது எங்கள் வழக்கம். அந்த ஆறு மாதமும் வெர்னா மனசுக்குள் எழுதி வைத்திருந்த பேச்சுக்கு அங்கே இடம் இல்லை. பிப்ரவரி அட்டை சட்டத்துக்கு முந்தினது, வழக்கிலேயே அது கிடையாது. செப்டம்பருக்குப் பிறகு உண்மையாகவே உருவப்பட்ட அட்டை ஒன்றுதான். எழுந்து பேசியது இமோஜீன்.

அவள் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். "நான் எடுக்கலன்னு சொன்னேன். யாரும் எதிர்த்துப் பேசல, வேற பக்கம் பார்த்தாங்க. கடையில போய் நின்னா பக்கத்துல இருக்கறவங்க கைப்பையை இறுக்கிப் பிடிச்சாங்க. எடுக்காததுக்கு என்கிட்ட என்ன சாட்சி இருக்கு?"

வெர்னா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். தன் பேச்சைத்தான் கேட்டாள், வார்த்தைக்கு வார்த்தை, எதிரியின் வாயால். அவனுக்கு நாலு வருஷம் போட்டார்கள். அவள் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அடுத்த நாள் மதியம் வாசலில் மணி அடித்தது. இமோஜீன் துணி போட்டு மூடிய கண்ணாடிப் பாத்திரத்தோடு நின்றாள். உள்ளே ஹலுஷ்கி, முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கிச் செய்வது; அந்த வாசனை அடித்தது.

"க்ளெமுக்கு," என்றாள். "மே மாசமே கொண்டாந்திருக்கணும்."

வெர்னா வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

இமோஜீன் நகரவில்லை. "நீ கார்டை வாங்கினப்போ உன் கட்டைவிரல் அது முதுகுல ஓடி, ஒரு இடத்துல நின்னுது. நீதிமன்றத்துல அந்த வீடியோவைப் போட்டாங்களே, முதல்ல வந்த ரெண்டு பேர் கார்டுலயும் அதே இடத்துல நின்னுது. அவங்களுக்கு மாத்திக் கொடுத்த."

"ஆமா."

"எனக்கு மாத்தல."

"மாத்தல."

"தெரிஞ்சே வித்த."

"தெரிஞ்சேதான் வித்தேன்."

இமோஜீனின் கண் நிறைந்தது. "நான் உன்னைச் சொன்னப்போ எனக்குத் தெரியாது வெர்னா. நிஜமாவே நீதான் எடுத்தேன்னு நம்பினேன்."

அந்த வாக்கியம் வெர்னாவை எங்கேயோ போய்க் குத்தியது. குத்தியதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "பாத்திரத்தை அனுப்பி வைக்கிறேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

க்ளெம் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். "அவகிட்ட என்ன குறை சொன்னாலும் சொல்லு, ஹலுஷ்கியில குறை சொல்ல முடியாது," என்றார். வெர்னாவும் சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பாத்திரத்தைக் கழுவித் துடைத்தாள். அடியில் டேப்பில் "இ. கால்டர்" என்று எழுதியிருந்தது. சமையலறை மேசையில் முந்தின நாள் அவளே சுட்ட வால்நட் பிஸ்கட் ஒரு தட்டு நிறைய இருந்தது. க்ளெம் பிஸ்கட்டைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வெர்னா, நாலே நாலு வெச்சுடு."

அவள் பிஸ்கட் பக்கம் திரும்பாமல் கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் நடந்து இமோஜீனின் வீட்டுக்குப் போனாள். மணி அடிக்கவில்லை. பாத்திரத்தை வாசற்படியில் வைத்தாள். ஜன்னல் திரை அசைந்தது தெரிந்தது. உள்ளே நிற்பவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று பாத்திரத்தின்மேல் மூடியிருந்த துணியை எடுத்து, நாலாக மடித்து, பக்கத்தில் வைத்துவிட்டு, திரும்பி நடந்தாள்.